பரணில் கிடக்கும் பழைய இடுக்கி எதற்கு?

(வானொலி உரை)



போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். உத்திர வீதியில் பழைய ஓட்டு வீடு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடிப் பக்கம் நஞ்சை நிலமும், அதை உழ ஆறு ஜோடி மாடும் இருந்தன. பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கிக் கூடத்தில் கொட்டியிருந்தார்கள். லாடம், சூட்டுக்கோல், மருந்து புகட்டுகிற மூங்கில் குழாய், சலங்கை என்று பலதும் கிடந்தன. நடுவில் ஒன்றரை அடி நீளத்தில் கனமான இரும்பு இடுக்கி ஒன்று.

வீட்டு அம்மாள், "இது என்னன்னு பாருங்கோ. தாத்தா காலத்துப் பாக்குவெட்டின்னு இவர் சொல்றார். இத்தனை பெரிய பாக்கை எந்த வாய் மென்னுது?" என்று கேட்டார். வாசலில் பழைய இரும்புக்காரர் தராசோடு நின்றுகொண்டிருந்தார்.

நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவரின் மகனும் அங்கே இருந்தான். நல்ல உழைப்பாளிப் பையன். அவன்தான் சரியாகச் சொன்னான். "ஐயா, இது காளைக்குக் காயடிக்கிற இடுக்கிதானே? எங்க வீட்டிலே ரெண்டு பல்லு கன்று ஒண்ணு நிக்குது. எண்ணெய் போட்டுத் துடைச்சா வேலை செய்யுமா?"

அவன் அடையாளம் கண்டது எனக்குச் சந்தோஷம். ஆனால் கடைசியில் கேட்ட கேள்வி வயிற்றைக் கலக்கிவிட்டது. கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரிப் பரண் சாமான் நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் கிடக்கிறது. அதில் எது எது என்று தெரிந்துகொள்வது எப்படி, தெரிந்த பிறகு அதை என்ன செய்வது, இரண்டையும் இன்றைக்குச் சொல்கிறேன்.

காயடிப்பது என்பார்கள், விதையடிப்பது என்பார்கள், பெரியவர்கள் நலமடிப்பது என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான். பொலிகாளையாக நிறுத்துகிற காளை, கோயில் காளை, ஜல்லிக்கட்டுக் காளை இவற்றை விட்டுவிட்டு, ஏருக்கும் வண்டிக்கும் போகிற மாட்டுக்கெல்லாம் காயடித்தார்கள். கன்றிலேயே அடித்துவிட்டால் கழுத்தும் திமிலும் விழாது, நுகத்துக்குப் பலம் போதாது என்று, இரண்டு பல், நாலு பல் போட்ட பிறகுதான் கை வைப்பார்கள். காங்கேயம் காளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திமிலும் முன்னந்தொடையும் கருத்து நிற்கும். காயடித்த பிறகு அந்தக் கருப்பு மெல்ல வெளுத்து, மாடு சாம்பல் நிறமாகிவிடும். மணப்பாறைச் சந்தையில் பழுத்த தரகர்கள் தூரத்தில் நின்று நிறத்தைப் பார்த்தே இது காளையா எருதா என்று சொல்வார்கள்.

இரும்பு இடுக்கி வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? மரம்தான். என் சின்ன வயதில் எங்கள் ஊருக்கு அறுவடை முடிந்த கையோடு காயடிக்கிறவர் ஒருவர் வருவார். கூலி நெல்லாக வாங்கிக்கொள்வார். அவர் பையில் இரண்டே சாமான். ஒன்று கிட்டி. ஒரு முழ நீளத்தில் இரண்டு கெட்டியான குச்சி, ஒரு முனையில் சேர்த்துக் கயிறு கட்டியிருக்கும். மறு முனையில் கயிறு வழுக்காமல் இருக்கக் காடி வெட்டியிருக்கும். இன்னொன்று கொட்டாப்புளி. மாட்டைச் சாய்த்துக் கட்டிப்போட்டு, விதைக்கு மேலே உள்ள கொடியைக் கிட்டிக்குள் கொடுத்து இறுக்கி, அதன் மேல் கொட்டாப்புளியால் தட்டுவார். தட்டித் தட்டிக் கொடி நசுங்க வேண்டும். மாடு போடுகிற சத்தம் தெருக் கோடி வரைக்கும் கேட்கும். எங்கள் அம்மா காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார். பிறகு மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி வாய்க்காலில் நிறுத்துவார்கள். சில மாடு நாலு நாளில் எழுந்து மேயும். சிலது வீங்கிக் கிடக்கும். தோல் கிழிந்துவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். ரண ஜன்னி வந்து விறைத்துச் செத்ததும் உண்டு.

இந்தக் கிட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கண்டுபிடிப்பது எப்படி? குச்சியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வேலை பார்த்த கிட்டியாக இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், அடி பட்ட தழும்பும் தெரியும். கொட்டாப்புளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தச்சரிடம் இருப்பதும் அதேதான். மரச்சாமானைப் பொறுத்தவரை வீட்டுப் பெரியவர் வாய்ச்சொல்தான் பட்டா. அவர் இருக்கிறபோதே கேட்டு, ஒரு அட்டையில் எழுதிச் சாமானோடு கட்டிவிடுங்கள். அவர் போன பிறகு அது வெறும் விறகு.

இனி இரும்புக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் கிடந்தது பர்டிசோ இடுக்கி. இத்தாலி தேசத்தில் லா மோரா என்று ஓர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்த பர்டிசோ என்ற கால்நடை மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்த கருவி இது. தோல் கிழியாது, இரத்தம் வராது, உள்ளே கொடி மட்டும் நசுங்கும். அதுதான் இதன் சூட்சுமம். 1930களில் நம் நாட்டுக் கால்நடைத் துறைகளில் இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1940இல் சென்னை மாகாணத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் பொலிகாளை வைத்திருக்கக் கூடாது, மட்டமான காளைக்குக் காயடிக்கலாம் என்று ஆனபோது, மருத்துவமனைகளில் இந்த இடுக்கிக்கு வேலை கூடியது. மிராசுதார்கள் சிலர் சொந்தமாகவும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் பரணுக்கு வந்தது.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் மூட்டைப் பாருங்கள். பாக்குவெட்டிக்கும் கொல்லன் குறட்டுக்கும் ஒரே ஒரு மூட்டு. பர்டிசோவில் கைப்பிடிகள் சேருகிற இடத்தில் ஒரு மூட்டும், அதற்கு மேலே தாடைகளுக்குத் தனி மூட்டுகளும் இருக்கும். கையால் கொஞ்சம் அழுத்தினால் தாடையில் பல மடங்கு அழுத்தம் விழுவது இதனால்தான். கட்டிட வேலையில் கம்பி வெட்டுகிற பெரிய கட்டர் இருக்கிறதே, அதற்கும் இதே அமைப்புதான். அதனால் பல பேர் இதைக் கம்பி வெட்டி என்று நினைத்து இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்து தாடையின் விளிம்பைத் தடவுங்கள். கம்பி வெட்டி, பாக்குவெட்டி என்றால் கூர் இருக்கும். இதில் கூரே கிடையாது. மழுங்கலாக, இரண்டு தாடையும் நேருக்கு நேர் வந்து பொருந்தும். ஒரு தாடையின் ஓரங்களில் சின்ன மேடு இருக்கலாம். கொடி நழுவி வெளியே போகாமல் தடுக்க அது. எல்லா இடுக்கியிலும் இருக்காது. பெரிய இடுக்கியில் ஒரு கைப்பிடியின் பக்கத்தில் வளைந்த தாங்கி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தொடையில் முட்டுக்கொடுத்து ஒற்றை ஆளாக மூடுவதற்கு அது. அதைப் பார்த்து, ஏதோ உடைந்துபோன துண்டு என்று ரம்பத்தால் அறுத்து எடுத்த ஒரு வீட்டையும் எனக்குத் தெரியும்.

அளவு முக்கால் அடியிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வரை உண்டு. சின்னது ஆட்டுக்கு, பெரியது வளர்ந்த காளைக்கு. கைப்பிடியிலோ தாடைக்குப் பக்கத்திலோ ஆங்கில எழுத்தில் பேர் வெட்டியிருக்கும். துரு மூடியிருந்தால் அரம், உப்புக் காகிதம் எதுவும் போடாதீர்கள், எழுத்தே போய்விடும். துணியில் எண்ணெய் தொட்டு ஊறவைத்துத் துடையுங்கள். பிறகு வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும். பர்டிசோ என்ற பேரோடு லா மோரா என்ற ஊர்ப் பேரும் இருக்கிறதா என்று பாருங்கள். அம்பு மாதிரி ஒரு முத்திரை இருந்தால் அது வெள்ளைக்காரர் காலத்து அரசாங்கச் சரக்கு, பெரும்பாலும் பட்டாளத்துடையது. திருச்சியில் கண்டோன்மென்ட் இருந்ததால் அப்படிப்பட்ட சாமான் இங்கே அகப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

பட்டாளம் என்றதும் குதிரை ஞாபகம் வருகிறது. குதிரைக்குச் செய்வது வேறு முறை. அறுத்துத்தான் விதையை எடுப்பார்கள். அதற்கு உள்ள குறட்டில் தாடையின் ஒரு பக்கம் நசுக்கும், மறு பக்கம் வெட்டும். நசுக்குகிற பக்கம் வரி வரியாகப் பல் வைத்திருக்கும், வெட்டுகிற பக்கம் கத்தி போல இருக்கும். மூட்டில் திருகு மரை ஒன்று இருக்கும், அது வெட்டுகிற பக்கம் பார்த்து இருக்கும். மரை விதையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரிப் பாடம். திருப்பிப் பிடித்தால், நசுக்க வேண்டிய கொடியை வெறுமனே வெட்டிவிட்டு இரத்தம் பீய்ச்சி அடிக்கும். இன்னொன்று சங்கிலிக் கருவி. நீளமான தண்டு, நுனியில் சைக்கிள் சங்கிலி மாதிரி ஒரு வளையம், அடியில் திருகுப் பிடி. திருகத் திருக வளையம் சிறுத்துக்கொண்டே வந்து நசுக்கி அறுக்கும். இதைச் சின்னப் பையன்கள் கையில் விளையாட்டுச் சாமானாகப் பார்த்திருக்கிறேன்.

நாலு முள் வைத்த சின்னக் குறடு ஒன்றும் உண்டு. மற்றக் குறட்டை அழுத்தினால் வாய் மூடும். இதை அழுத்தினால் நாலு முள்ளும் விரியும். ரப்பர் வளையத்தை விரித்து ஆட்டுக்குட்டிக்கு மாட்டுவது இது. நியூசிலாந்தில் பிறந்த கருவி. அவ்வளவு பழசும் இல்லை.

காயடிக்கிற கருவி என்று தவறாக நினைக்கிற சாமான்களும் உண்டு. குளம்பு வெட்டுகிற குறட்டுக்கு ஒரே மூட்டு, வாய் வளைந்து கூராக இருக்கும். மூக்கைப் பிடிக்கிற இடுக்கிக்கு நுனியில் இரண்டு குண்டு இருக்கும், மூடினாலும் நடுவில் சந்து விடும். இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடலாம்.

சரி, அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். துடைத்தால் வேலை செய்யுமா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, 45 வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு கிராமத்தில் முகாம். எங்கள் இடுக்கியை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டு இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். பளபளவென்று இருந்தது. நான் வாங்கி வேலையை முடித்துவிட்டேன். ஒரு செவலைக் காளை, நாலு பல். அதை நம்பித்தான் அந்தச் சம்சாரி ஜோடி சேர்த்துச் சாகுபடிக்கு இறங்கியிருந்தார். ஒன்றரை மாதத்தில் விதை சுருங்க வேண்டும். வலப்பக்கம் சுருங்கியது, இடப்பக்கம் சுருங்கவில்லை. தாடை ஒரு ஓரத்தில் பொருந்தாமல் இருந்திருக்கிறது. கொடி அந்தச் சந்தில் தப்பிவிட்டது. மாடு எருதும் ஆகாமல் காளையும் ஆகாமல் நின்றது. ஒரு ராத்திரி பசு வாடைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்துவிட்டது. காலையில் நான் போனபோது கயிறு கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னங்கால் முறிந்திருந்தது. அந்தச் சம்சாரி என்னைத் திட்டவில்லை. "விடுங்க தம்பி, உங்க கையிலே என்ன இருக்கு" என்றார். என் கையில்தான் இருந்தது. சோதித்துப் பார்க்காமல் வாங்கினவன் நான்.

அந்தச் சோதனை சுலபம். ஒரு கெட்டித் தாளை இரண்டாக மடித்து, நடுவில் சணல் நூலை வைத்துத் தாடையில் கொடுத்து மூட வேண்டும். நல்ல இடுக்கியாக இருந்தால் உள்ளே நூல் துண்டாகியிருக்கும், வெளியே தாள் கிழிந்திருக்காது. தாளும் கிழிந்தால் மாட்டின் தோலும் கிழியும். நூல் அறவில்லை என்றால் கொடியும் தப்பும். தாடையின் இரண்டு ஓரம், நடு என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூடிய தாடைக்குள் வெளிச்சம் புகக் கூடாது. வேலை முடிந்தால் வாயைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும் என்பது இதன் விதி. பரணில் கிடப்பவை வருஷக்கணக்காக இறுக மூடியே கிடந்தவை. மூட்டில் பிடிமானம் தளர்ந்திருக்கும்.

இடுக்கி நல்லதாகவே இருக்கட்டும். பிடிக்கிற கை வேண்டுமே. ஒவ்வொரு கொடியையும் தனித்தனியாக நசுக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே கோட்டில் விழக் கூடாது, நடுவில் தோல் விட்டுவைக்க வேண்டும். பை முழுவதையும் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டால் கீழே இரத்தம் போகாமல் பை அழுகிப்போகும். குட்டிக்கு ரப்பர் வளையம் மாட்டுவது சுலபம் என்று தோன்றும். வளையத்துக்குக் கீழே செத்த சதையில் ரண ஜன்னிக் கிருமி வளரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டமும் மாறிவிட்டது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 2023இல் மத்திய அரசு விதிகள் வெளியிட்டிருக்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான், மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் காயடிக்க வேண்டும். கிட்டியில் கொடுத்துத் தட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. மாடு கத்துவதை அம்மா காதைப் பொத்திக்கொண்டு கேட்ட காலத்தில் இந்த மருந்து ஊசி கிராமத்துக்கு எட்டவில்லை. இன்றைக்கு எட்டியிருக்கிறது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொன்னால் நாள் சொல்வார்கள். கொட்டப்பட்டில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கேயும் கேட்கலாம்.

ஸ்ரீரங்கத்துக் கூடத்தில் அந்த இடுக்கியை அந்தப் பையன் கையிலேயே கொடுத்தேன். அம்மாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றையும், பூக்கட்டுகிற நூலில் ஒரு முழத்தையும் எடுத்துக்கொடுத்தார். பையன் மூடினான். ஓர் ஓரத்தில் பத்திரிகை கிழிந்தது. மறு ஓரத்தில் நூல் அப்படியே இருந்தது. பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதையா ஐயா கன்றுக்குப் போட இருந்தேன்?" என்றான்.

இரும்புக்காரர் எடைக்கு விலை சொன்னார். அம்மாள் கொடுக்கவில்லை. துடைத்து, வாயைத் திறந்து வைத்து, தாத்தா பேரையும் நிலம் இருந்த ஊரையும் அட்டையில் எழுதிக் கட்டிவிட்டார். புது வீட்டில் கண்ணாடி அலமாரியில் வைப்பாராம். வைக்க இடம் இல்லாதவர்கள் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாமல், திருச்சியில் இராணி மங்கம்மாள் மகாலில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் அட்டையோடு கொடுங்கள். அட்டை இல்லாத இடுக்கி யாருக்கும் எதுவும் சொல்லாது.

பையனின் கன்றுக்கு அடுத்த வாரம் மருந்தகத்தில் டாக்டர் ஊசி போட்டு வேலையை முடித்தார். நானும் போயிருந்தேன். கன்று ஒரு தரம் காலை உதறியது, அவ்வளவுதான். இப்போது வைக்கோல் தின்கிறது.